சுஜிதாவுக்குக் கூச்சம் ஜாஸ்தி

நூர்நிஷாவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளுடைய உம்மா எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். "பிள்ளைக்குக் கூச்சம் கொஞ்சம் ஜாஸ்தி." மாப்பிள்ளை வீட்டார் பூரித்துப்போனார்கள். இந்தக் காலத்தில் இப்படி அடக்கமான பெண் எங்கே கிடைக்கும் என்று அங்கேயே பேசி முடித்தார்கள். உம்மா சொன்னது அந்தக் கூச்சம் இல்லை. விலாவுக்கு நேராக யாராவது ஒரு விரலை நீட்டினாலே போதும், தொடக்கூட வேண்டாம், நூர்நிஷா துள்ளிக் குதிப்பாள். இடுப்பளவு எடுக்க வந்த தையல்காரம்மாவின் டேப்பை இழுத்துக்கொண்டு தெருவரைக்கும் ஓடியவள். மற்றபடி வாய்ப்பேச்சில் எந்தக் காலத்திலும் அவள் கூசியது கிடையாது. நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ்ஸை ஆட்டோவில் துரத்திப் பிடித்து, ஏறி உட்கார்ந்து, டிரைவரிடம் நியாயம் கேட்டவள் அவள்.

வெட்கத்துக்கும் இதற்கும் சேர்த்துத் தமிழில் ஒரே சொல்லை வைத்தது யாரோ, அவர்களை நூர்நிஷா இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. தென்காசியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் பெண்களுக்கான பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். கணவர் ஒலி முகம்மது சவூதியில், தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பார்லர் வைத்த கதையும் கூச்சத்தில்தான் ஆரம்பம். புருவம் திருத்திக்கொள்ளப் போன இடத்தில் அந்தப் பெண் நூலை நெற்றியில் வைத்ததும் இவள் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டாள். இனி எந்தப் பார்லர் படியும் ஏறுவதில்லை, நமக்கு நாமே செய்துகொள்வோம் என்று தொழிலைக் கற்றுக்கொண்டாள். கற்ற பிறகு பார்த்தால், இவளைப்போல ஊரில் எத்தனையோ பேர். பாதத்தைத் தொட்டால் உதைக்கிறவர்கள், கழுத்தில் கை பட்டால் கெக்கலித்துச் சிரிக்கிறவர்கள், கல்யாணத்துக்கு மருதாணி வைக்க உள்ளங்கையை விரிக்க மாட்டாமல் அழுகிறவர்கள். எல்லோரும் நூர்நிஷாவிடம் வந்தார்கள். "அந்த அக்கா கை வச்சா கூசாது" என்ற பேச்சு செங்கோட்டை வரைக்கும் பரவியது. அந்தப் பேச்சுதான் அவளை இந்த ஆனிச் சாரலில் வம்பில் கொண்டுபோய் மாட்டியது.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு போன் வந்தது.

"யக்கா, நான் இலஞ்சியில இருந்து தங்கத்தாய் பேசுதேன். சங்கரேஸ்வரி டீச்சர்தான் உங்க நம்பர் தந்தாவ. நம்ம சுஜிதாவுக்கு முடி எடுக்கணும். அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி."

"எடுத்திருவோம்மா. கையா, காலா?"

"வயிறுதாங்க்கா முக்கியம். அப்புறம் விலா, தொடை இடுக்கு. ஒரே அடசலா கிடக்கு."

நூர்நிஷா பேனாவைக் கீழே வைத்தாள். பாவம், சில பிள்ளைகளுக்கு அப்படி வரும். "டாக்டர்ட்ட காமிச்சீங்களா?"

"காமிச்சாச்சு. ஈரம் தங்கித் தோலெல்லாம் பொரிஞ்சு போச்சு. முடிய ஒட்ட எடுத்தாத்தான் மருந்து பிடிக்கும்னுட்டாரு. ஆனா யாரையும் கிட்ட விட மாட்டேங்கா. அவிய பக்கத்துல போனாலே உதைக்கா. போன வாரம் டாக்டருக்கே ஒண்ணு வச்சா."

அவிய என்றால் தங்கத்தாயின் கணவர். பெற்ற தகப்பனையே உதைக்கிற பெண்ணா என்று நூர்நிஷாவுக்குத் திக்கென்றது. "சரி, அறைக் கதவைச் சாத்திட்டு நானும் அவளும் மட்டும் இருந்து பண்ணிக்கிடுதோம்."

"அறையெல்லாம் இல்லக்கா. பின்னால கொட்டகையிலதான் கிடக்கா."

"கொட்டகையிலயா?"

"வேற எங்க வைக்க?" என்ற தங்கத்தாயின் குரல் தழுதழுத்தது. "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குள்ள முடிச்சிரணும்க்கா. இல்லன்னா அவிய புனலூர்காரன் ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துருவாவ. லாரி வரச் சொல்லியாச்சு."

போனை வைத்தபோது நூர்நிஷாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தோலில் வியாதி வந்ததற்காக ஒரு வயசுப் பிள்ளையைக் கொட்டகையில் தள்ளி, எவனோ புனலூர்காரன் கையில் பிடித்துக் கொடுக்கப் போகிறார்களாம். அதுவும் லாரியிலா! ஞாயிற்றுக்கிழமை பார்லரில் கூட்டம் மொய்க்கும். மொய்த்தால் மொய்க்கட்டும் என்று கூட வேலை பார்க்கும் அஃப்ரினிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, இரண்டு ட்ரிம்மர், கையுறை, பவுடர், துண்டு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு காலை ஒன்பது மணிக்கு இலஞ்சிக்கு ஆட்டோ ஏறினாள். படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். அவளுக்கு விளங்கவில்லை. வழி நெடுகத் தகப்பன்காரனிடம் கேட்கவேண்டிய கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு போனாள்.

தென்னந்தோப்பை ஒட்டிய வீடு. வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவர் மணிமுத்து. முப்பத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்து சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். மீசை மட்டும் இன்னும் வேலையில் இருந்தது.

"பிள்ளை எங்க?" என்றாள் நூர்நிஷா, வணக்கம்கூடச் சொல்லாமல்.

"எந்தப் பிள்ளை?"

"சுஜிதா! போலீஸ்ல இருந்த மனுசரு, நீங்களே பெத்த பிள்ளையை இப்படிக் கொட்டகையில..."

"யாரு பெத்தது?" என்றார் மணிமுத்து. அவருடைய முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு குற்றச்சாட்டு அவர் மேல் விழுந்ததில்லை.

அப்போது கொட்டகைப் பக்கமிருந்து ஒரு கனைப்பு கேட்டது. தங்கத்தாய் ஈரத் தலையும் சிரித்த முகமுமாக ஓடி வந்தாள். "வந்துட்டீங்களாக்கா! அன்னா பாருங்க, உங்க சத்தம் கேட்டுட்டுக் கூப்பிடுதா."

செம்பழுப்பு நிறத்தில், நெற்றியில் வெள்ளைக் கோட்டோடு, கம்பளி போர்த்தினதுபோல அடர்ந்த முடியோடு ஒரு பெண் குதிரை கொட்டகைக் கம்புக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தது.

நூர்நிஷா அதைப் பார்த்தாள். தங்கத்தாயைப் பார்த்தாள். மனப்பாடம் செய்த கேள்விகளையெல்லாம் நினைத்தாள். பிறகு அங்கே கிடந்த தேங்காய்க் குவியல் மேலேயே உட்கார்ந்து, பர்தா முனையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தங்கத்தாய்க்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவளும் சேர்ந்து சிரித்தாள். மணிமுத்து மட்டும் சிரிக்கவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் தங்கத்தாய் முழுக் கதையையும் சொன்னாள். குற்றால சீசனில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றவும், கல்யாண ஊர்வலத்துக்கும் மணிமுத்து இரண்டு குதிரை வைத்திருக்கிறார். தைப்பொங்கல் கழித்துக் கொடைக்கானலில் இருந்து மூன்றாவதாக இதை வாங்கி வந்தார். சுஜிதா என்பது பழைய சொந்தக்காரர் வைத்த பேர். வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. மலைக்குளிருக்கு வளர்ந்த முடி இங்கே வந்தும் உதிரவில்லை. சாரல் பிடித்ததும் அந்த முடிக்குள் ஈரம் தங்கி வயிற்றிலும் விலாவிலும் தோல் பொரிந்துவிட்டது. அப்படியே விட்டால் மற்ற இரண்டுக்கும் தொற்றும் என்றார் டாக்டர். மயக்க ஊசி போட்டு எடுத்துவிடலாமென்றால், கொடைக்கானலில் ஒருமுறை போட்டு உயிர் போய்த் திரும்பி வந்த குதிரையாம். அதனால் டாக்டர் கையை விரித்துவிட்டார். புனலூரில் மலைமேல் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், தனியாகக் கட்டி வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். நாலு மணிக்கு லாரி.

"இவ போயிட்டா எனக்குச் சோறு இறங்காதுக்கா" என்றாள் தங்கத்தாய். "வந்த அன்னைக்கே என் கையில இருந்து பழத்தோலு வாங்கித் தின்னவ."

"கூச்சமாவது ஒண்ணாவது" என்றார் மணிமுத்து. "அதுக்கு வீம்பு. இவதான் கூச்சம் கூச்சம்னு சொல்லிட்டுத் திரியுதா. எத்தனை பேரை நான் பாத்திருக்கேன். எனக்குத் தெரியாதா வீம்பு எது, கூச்சம் எதுன்னு?"

நூர்நிஷாவுக்குக் குதிரைமேல் இரக்கம் வந்தது, பயம் அதைவிட அதிகமாக வந்தது. ஆட்டுக்கு மேல் பெரிய எதையும் அவள் தொட்டதில்லை. "தப்பா நினைச்சுக்கிடாதம்மா. நான் மனுசருக்குப் பண்றவ. இது என்னால ஆகாது" என்று எழுந்து, ஆட்டோக்காரருக்கு போன் போடச் சொன்னாள். தங்கத்தாயின் முகம் விழுந்துபோனது. ஆனாலும் போனை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சாரல் இறங்கியது. நூர்நிஷா கொட்டகை ஓரமாக ஒதுங்கினாள். சுஜிதா பாதி வெளியில் நின்றது. பூந்தூற்றல் அதன் விலாவில் விழ விழ, தோல் சுருங்கிச் சுருங்கிச் சிலிர்த்தது, வால் சுழன்றது, பின்னங்கால் ஒன்று தரையை உதைத்தது. பாவம், நிற்க முடியவில்லை அதற்கு. கொஞ்சம் பொறுத்து, தகரக் கூரையின் மூலையில் தண்ணீர் சேர்ந்து ஒரே தாரையாகக் கொட்டுகிற இடத்துக்கு அது தானாக நகர்ந்து போனது. தாரை விலாவில் தொப்பென்று விழுந்தது. அதே விலாதான். ஆனால் குதிரை சிலிர்க்கவில்லை. காதைத் தொங்கப்போட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, சுகமாக நின்றது.

நூர்நிஷாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இது அவளேதான். மழைத்தூற்றல் பிடரியில் பட்டால் நெளிவாள். ஐந்தருவியில் பெண்கள் பக்கத்தில், இருக்கிறதிலேயே பெரிய தாரைக்கு அடியில் போய் அரைமணி நேரம் அசையாமல் நிற்பாள். இந்தக் குதிரைக்கு வீம்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. இதற்கு இருப்பதெல்லாம் சுத்தமான, கலப்படமில்லாத கூச்சம்.

"தங்கத்தாயி, ஆட்டோவ வர வேண்டாம்னு சொல்லு."

அவள் பர்தாவை இழுத்துச் செருகி, கையுறை மாட்டி, அதன்மேல் பவுடர் போட்டுக்கொண்டாள். தங்கத்தாயைக் குதிரையின் தலைக்கு நேரே நிற்க வைத்தாள். "ஏட்டி, நீ முகத்தைப் பிடிச்சுட்டுப் பேசிட்டே இரு. என்னத்தையாவது பேசு." பிறகு தோளுக்குப் பக்கத்தில் போய், பிஸ்மில்லாஹ் சொல்லி, உள்ளங்கை முழுவதையும் விரித்துக் குதிரையின் தோளில் ஒரே அழுத்தாக வைத்தாள். தட்டவில்லை, தடவவில்லை. வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். தோல் ஒரு துடிப்புத் துடித்து அடங்கியது. அவளுடைய நெஞ்சுதான் அதற்கப்புறமும் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்தது மெஷினின் அதிர்வு. மணிமுத்து ஆன்லைனில் வரவழைத்த பெரிய மெஷின் மாவு மில்லுக்குப் போட்டியாக இரைந்தது. அதைக் கண்டதுமே சுஜிதா கண்ணை உருட்டியது. நூர்நிஷா அதை வீட்டுக்குள் கொண்டுபோகச் சொல்லிவிட்டாள். தன்னுடைய போனை வைப்ரேஷனில் போட்டு, உள்ளங்கைக்கும் குதிரைத் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். "இப்ப எனக்கு மிஸ்டு கால் குடு."

தங்கத்தாய் ஒரு கையால் குதிரையின் நெற்றியையும் மறு கையால் போனையும் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். முதல் காலுக்குச் சுஜிதா ஓரடி விலகியது. நூர்நிஷாவும் கையை எடுக்காமல் கூடவே ஓரடி போனாள். மூன்றாவதுக்குக் காதை மட்டும் திருப்பியது. பன்னிரண்டாவது காலுக்கு அது கண்டுகொள்ளவே இல்லை.

"குதிரைக்கு போன் போடுத ஊரு இது ஒண்ணாத்தான் இருக்கும்" என்று வாசலில் இருந்து மணிமுத்துவின் குரல் வந்தது. ஆனால் குரல் வந்த இடம் முன்பைவிடக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது.

முடியின் ஈரத்தைத் துண்டால் அழுத்தி ஒற்றியெடுத்த பிறகு, பதினொரு மணிக்கு ட்ரிம்மர் ஓட ஆரம்பித்தது. இடது கை முன்னால் போய் அழுத்தி நிற்கும். அந்தக் கையை ஒட்டியே ட்ரிம்மர் முடியை எதிர்த்துப் போகும். பிறகு இடது கை தோலைவிட்டு எழும்பாமல் ஒரு விரற்கடை நகரும், ட்ரிம்மர் பின்னால் வரும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பிளேடை மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்ப்பாள். சுட்டால் எண்ணெய் விட்டு ஆறவைத்து, அடுத்த ட்ரிம்மரை எடுப்பாள். மார்பு முடிந்தது, முன்னங்காலுக்குப் பின்னால் முடிந்தது, இடது விலா பாதி முடிந்தது. பொரிந்த தோல் சிவந்து வெளியில் தெரிந்தது. தங்கத்தாய் சொன்ன சொல் தவறாமல் பேசிக்கொண்டே இருந்தாள். கொழுந்தியாள் வீட்டு விசேஷம், தேங்காய் விலை, பக்கத்து வீட்டு பாலம்மாள் தன் மருமகளோடு போட்ட சண்டை எல்லாம் குதிரைக்குச் சொல்லப்பட்டது. பாலம்மாள் மேல்தான் தப்பு என்கிற மாதிரி அதுவும் தலையை ஆட்டியது.

பன்னிரண்டரை மணிக்கு ஒரு தப்பு நடந்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியதும் நூர்நிஷா யோசிக்காமல் இடது கையைத் தூக்கித் துடைத்தாள். கை போன இடத்தில் ட்ரிம்மரின் நுனி மட்டும் லேசாக உரசியது. அவ்வளவுதான். பின்னங்கால் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது, நூர்நிஷா சுவரோடு ஒட்டினாள், ட்ரிம்மர் பறந்துபோய்த் தண்ணீர் வாளியில் விழுந்து இரண்டு குமிழி விட்டு அடங்கியது.

"சொன்னேம்லா, வீம்பு!" என்று ஓடி வந்தார் மணிமுத்து.

"வீம்பு இல்ல அண்ணாச்சி, தப்பு என்மேலதான்" என்றாள் நூர்நிஷா, மூச்சு வாங்க. "கையை எடுத்திருக்கக் கூடாது. எடுத்தா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

முதலில் இருந்தே ஆரம்பித்தாள். தோள், உள்ளங்கை, போன், மிஸ்டு கால். இப்போது ஒரே ஒரு ட்ரிம்மர். இரண்டேகாலுக்கு அதுவும் சார்ஜ் தீர்ந்து முனகியது. மணிமுத்து உள்ளே போய், தன்னுடைய பவர் பேங்கைக் கொண்டுவந்தார். வயர் குட்டை. அதைப் பிடித்துக்கொண்டு அவர் நூர்நிஷாவின் முதுகுக்குப் பின்னால், குதிரைக்கு இரண்டடி தூரத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

மூன்றேகால் மணிக்கு மிச்சம் இருந்தது வலது விலாவும் தொடையும் சேருகிற மடிப்பு மட்டும்; இடப்பக்கத்து மடிப்பில் அவ்வளவு அடசல் இல்லை. கூச்சத்தின் தலைநகரம் அதுதான். நூர்நிஷாவுக்கே தெரியும். ஒரு கையால் மடிப்பை விரித்து இழுத்துப் பிடிக்க வேண்டும், ஒரு கையில் ட்ரிம்மர். அழுத்தி நிற்க மூன்றாவதாக ஒரு கை வேண்டும். தங்கத்தாய் தலையைவிட்டு நகர முடியாது.

"அண்ணாச்சி, பவர் பேங்க சட்டைப் பையில போட்டுட்டு, கையுறைய மாட்டிட்டு இங்கன வாங்க. இந்த விலாவுல கையை வச்சு அழுத்திக்கிடுங்க."

மணிமுத்து நகரவில்லை. "நான் வேண்டாம்."

"நேரம் போகுது அண்ணாச்சி."

"அதுக்கு என்னைக் கண்டா ஆகாதும்மா" என்றார். காலையில் இருந்த போலீஸ் குரல் எங்கேயோ போய்விட்டது. "தைமாசத்துல இருந்து தினம் புல்லு வாங்கிட்டு வந்து போடுததே நான்தான். இவ குடுத்தா திங்குது. நான் பக்கத்துல போயித் தொட்டா உதறிட்டுப் போயிருது. மத்த ரெண்டும் என் சத்தம் கேட்டா ஓடி வரும். இதுக்கு மட்டும் என்னைப் பிடிக்கல. பிடிக்காத இடத்துல அதை எதுக்குக் கட்டி வைக்கணும்? அதான் புனலூர்காரன் கேட்டதும் சரின்னுட்டேன்."

தங்கத்தாய் கணவரின் முகத்தையே பார்த்தாள். இதை அவளிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை.

"எப்படித் தொட்டீங்க?" என்றாள் நூர்நிஷா.

"மெல்லத்தான். என் கை முரட்டுக் கை. பொம்பளப் பிள்ளையாச்சேன்னு விரல் நுனியால, பட்டும் படாம..."

நூர்நிஷாவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இந்த மனிதர் நாலைந்து மாதமாக அன்பாலேயே அந்தக் குதிரையை வதைத்திருக்கிறார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. குதிரையின் விலாவைப் பார்த்துக்கொண்டே, தங்கத்தாயிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல எங்க வீட்லயும் இதே கூத்துதான் தங்கத்தாயி. அவங்க ரெண்டு மாச லீவுல வந்திருந்தாங்க. பூ மாதிரி கையைத் தொடுவாங்க. நான் வெடுக்குன்னு இழுத்துக்கிடுவேன். வாயத் திறந்து சொல்லவும் தெரியல, எல்லாம் கூச்சம்தான், ரெண்டு கூச்சமும். பத்தாம் நாளு, எனக்கு வேலை இருக்கு, சீக்கிரம் போகணும்னு அவங்க உம்மாகிட்ட சொல்லிட்டாங்க. போறதுக்கு முன்னால எல்லாரும் வேன் பிடிச்சு ஐந்தருவிக்குப் போனோம். நான் அருவியில நின்னுட்டு வெளிய வந்தா தூத்தல் போடுது. கழுத்துல விழ விழ நெளிஞ்சிட்டு வாரேன். அவ்வளவு பெரிய அருவி மண்டையில விழுது, அது கூசல, இது கூசுதான்னு கேட்டாங்க. அருவி அழுத்தி விழுது, அது கூசாது, தொட்டும் தொடாம விழுற இந்தச் சாரல்தான் என்னைக் கொல்லுதுன்னேன். அவங்க கையில இருந்த பஜ்ஜியத் தின்னாம நின்னு யோசிச்சாங்க."

"பொறவு?" என்றாள் தங்கத்தாய்.

"வேன்ல திரும்பி வரும்போது என் கைமேல அவங்க கையை முழுசா வச்சு ஒரு அழுத்து அழுத்துனாங்க. தென்காசி வர்ற வரைக்கும் எடுக்கல. டிக்கெட்ட ஒரு மாசம் தள்ளிப் போட்டாங்க."

தங்கத்தாய் குதிரையின் நெற்றியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். மணிமுத்து தொண்டையைச் செருமினார். பிறகு குனிந்து பையிலிருந்து கையுறையை எடுத்தார். பார்லர் கையுறை. அவருடைய கைக்கு அது போதவில்லை, கட்டைவிரல் பக்கம் கிழிந்தது. கிழிந்ததோடு மாட்டிக்கொண்டு குதிரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"சாரல் மாதிரி வேண்டாம் அண்ணாச்சி. அருவி மாதிரி."

மணிமுத்து அந்தப் பெரிய கையை விலாவில் வைத்தார். சுஜிதாவின் தோல் துடித்தது. அவர் கை பின்வாங்கப் பார்த்தது. "எடுக்காதீங்க!" என்றாள் நூர்நிஷா. எடுக்கவில்லை. அழுத்தினார். ஒரு துடிப்பு, இன்னொன்று, அப்புறம் ஒன்றுமில்லை. குதிரை நீளமாக ஒரு மூச்சு விட்டது. கொஞ்சம் கொஞ்சமாக உடம்பின் பாரத்தை அவர் கைமேல் சாய்த்தது. அவர் காலை அகட்டி ஊன்றித் தாங்கிக்கொண்டார்.

நூர்நிஷா மடிப்பை விரித்து ட்ரிம்மரை ஓட்டினாள். அவள் வேலையைத்தான் பார்த்தாள். ஆனாலும் பக்கத்தில் ஒருவர் மூக்கை உறிஞ்சுவது காதில் விழத்தானே செய்யும்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைசி முடி உதிர்ந்தது. மேலே கம்பளியும் கீழே வழித்த வயிறுமாகச் சுஜிதா பார்க்கச் சகிக்காமல் இருந்தது. தங்கத்தாய்க்கு மட்டும் அது ஊர்வலத்துக்குக் கிளம்பிய அழகாகத் தெரிந்தது. அவள் மருந்தை எடுத்து நூர்நிஷாவிடம் நீட்ட, உள்ளங்கையால் அழுத்தியே பூசி முடித்தார்கள். குதிரை நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஆச்சு அண்ணாச்சி. இனி கையை எடுக்கலாம்" என்றாள் நூர்நிஷா.

மணிமுத்து எடுக்கவில்லை.

வாசலில் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. தங்கத்தாய் கணவரைப் பார்த்தாள். நூர்நிஷாவும் பார்த்தாள். ஹாரன் இரண்டாவது தடவை அடித்தது.

"ஏட்டி, நீ போயி அவன்ட்ட சொல்லு" என்றார் மணிமுத்து, குதிரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"என்னன்னு சொல்ல?"

"எனக்குக் கை ஒழியலன்னு சொல்லு."

தங்கத்தாய்க்கு அது மனசில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அம்புட்டுத் தூரம் வந்திருக்காவ. எப்பக் கை ஒழியும்னு கேப்பாவளே?"

"ஒழியாதுன்னு சொல்லு" என்றார் அவர்.

தங்கத்தாய் செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள்.